நன்றி சொல்ல வேண்டியவள்

அமெரிக்க ஜனாதிபதியை உட்கார், எழுந்திரு என்று சொல்ல அந்த நாட்டில் ஆள் கிடையாது. ஆனால் "போதும், போகலாம்" என்று சொல்ல ஒருத்தி இருந்தாள். வெர்னா ஸ்லாமா. ஐம்பத்தெட்டு வயது. ஒரு செய்தி நிறுவனத்தின் நிருபர்.

ஜனாதிபதி பத்திரிகையாளர்களைச் சந்திக்கிற நாட்களில் முன்வரிசை நடு நாற்காலி அவளுடையது. முதல் கேள்வி அவளுடையது. அரை மணி ஆனதும் எழுந்து நின்று, "நன்றி, ஜனாதிபதி அவர்களே" என்பாள். அத்தோடு கூட்டம் முடிந்தது. அவள் சொல்கிறவரை ஜனாதிபதி மேடையை விட்டு இறங்கமாட்டார்; சொன்ன பிறகு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எந்தச் சட்டத்திலும் இது கிடையாது. செய்தி நிறுவனக்காரர்களில் ஜனாதிபதி மாளிகையில் அதிக வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவர் யாரோ அவர் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். டெலிவிஷன் வந்தபின் நாடே அதைப் பார்த்தது. கடைத்தெருவில் காய் வாங்கும்போது, "நீங்கதானே அந்த நன்றி அம்மா?" என்று கேட்பார்கள். "ஆமாம்" என்பாள். முட்டைக்கோஸை அழுத்திப் பார்ப்பாள். பேச்சு வளராது.

அவள் ஊர் நெப்ராஸ்கா. அப்பா பொஹிமியாவிலிருந்து கப்பலேறி வந்து ஓமஹாவின் இறைச்சி ஆலையில் மாடு உரித்தவர். வெர்னா டைப் கற்றுக்கொண்டாள். யுத்தம் வந்து ஆண்களெல்லாம் போர்முனைக்குப் போனபோது, நிருபர்கள் தொலைபேசியில் சொல்கிறதை அடித்துத் தர வாஷிங்டனில் பெண்களை எடுத்தார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்தாள். யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள்; மற்ற பெண்களை அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனாதிபதி தேவாலயத்துக்குப் போகிறாரா, யாரோடு கை குலுக்குகிறார் என்று வாசலில் நின்று பார்க்கிற வேலைக்கு மட்டும் எந்த ஆணும் வரவில்லை. மழையில் குடை பிடித்துக்கொண்டு வெர்னா நின்றாள். நான்கு ஜனாதிபதிகள் மாறினார்கள். அவள் நின்றுகொண்டே முன்வரிசைக்கு வந்துவிட்டாள்.

செய்தி நிறுவனத்துக்காரிக்குக் கருத்து என்று ஒன்று இருக்கக் கூடாது. அவள் எழுதுவதை இந்தக் கட்சிப் பத்திரிகையும் போடும், அந்தக் கட்சிப் பத்திரிகையும் போடும். வெர்னா இதை உப்புக் குறைத்துச் சாப்பிடுகிற மாதிரி பழகிக்கொண்டாள். ஓட்டுப் போட்டால்கூட யாருக்கென்று தங்கையிடம் சொன்னதில்லை. கிறிஸ்துமஸுக்கு இறைச்சி ஆலை முதலாளிகள் சங்கத்திலிருந்து ஒவ்வொரு நிருபருக்கும் சிவப்பு ரிப்பன் கட்டிய பன்றித்தொடை வரும். சில பேர் வீராப்பாகத் திருப்பி அனுப்புவார்கள். வெர்னா திருப்பி அனுப்பியதில்லை. திருப்பி அனுப்புவதும் ஒரு கருத்துதானே. பக்கத்து வீட்டு ஆறு பிள்ளைக்காரிக்குக் கொடுத்துவிடுவாள்.

அந்த வருஷம் மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓமஹாவிலிருந்து தம்பி எமில் கூப்பிட்டான். அப்பா வேலை பார்த்த அதே ஆலையில்தான் அவனும். அங்கே மாடுகள் மேலே ஓடுகிற சங்கிலியில் தலைகீழாகத் தொங்கி வரும். வரிசையாக நிற்கிறவர்கள் ஆளுக்கொரு வெட்டு வெட்டுவார்கள். சங்கிலி எவ்வளவு வேகத்தில் ஓடலாம் என்று ஒரு வரம்பு வைக்கத் தொழிலாளர் துறை ஒரு விதி எழுதி வைத்திருந்தது. ஜனாதிபதியின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"அக்கா, அந்த விதி செத்துப் போச்சாம்ல?" என்றான் எமில்.

"யார் சொன்னா?"

"எங்க மேஸ்திரிதான். சாப்பாட்டு நேரத்துல பெஞ்சு மேல ஏறி நின்னு சொல்றான். வெள்ளிக்கிழமை வாஷிங்டன்ல காகிதத்தைக் கிழிச்சுடுவாங்களாம். திங்கட்கிழமையிலேர்ந்து சங்கிலி இன்னும் வேகமா ஓடுமாம். இப்பவே ராத்திரி கை மரத்துப் போவுது. சூப்புக் கரண்டியை ரெண்டு கையால பிடிக்கறேன். பொண்டாட்டி சிரிக்கறா, பாப்பாவுக்கு நான் ஊட்டறதா, பாப்பா எனக்கு ஊட்டறதான்னு."

"உன் பேரைப் போட்டு எழுதலாமா?"

"எழுது. அப்புறம் உன் வீட்டுல எனக்கு ஒரு கட்டில் போட்டு வை."

எழுத முடியாது என்று இருவருக்கும் தெரியும். பேச்சைக் குழந்தையின் பல்லுக்குத் திருப்பினார்கள்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறபோது, மாளிகையின் தெற்கு வாசலில் ஒரு கருப்புக் கார் வெளியே வந்தது. உள்ளே மூன்று பேர், நடுவில் கில் பிராத்தர். ஆலை முதலாளிகள் சங்கத்தின் ஆள். சட்டசபைத் தாழ்வாரங்களில் காரியம் முடித்துக் கொடுப்பதுதான் அவருக்குத் தொழில். நிருபரைக் கண்டால் தோளில் கைபோட்டு, பேரப்பிள்ளை படம் காட்டாமல் விடாத மனுஷன். வெர்னா கையை உயர்த்தினாள். பிராத்தர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைய சந்திப்புகள் என்று காலையில் நிருபர்களிடம் வாசித்ததில் அவர் பெயர் இல்லை.

அலுவலகத்தில் தலைவர் பியர்ஸிடம் சொன்னாள்.

"யார் சொன்னதுன்னு போடுவே?" என்றார் பியர்ஸ்.

"நான் பார்த்தேன்."

"நீ பார்த்தது ஒரு கார். கார் எல்லா வாசல்லயும்தான் போகுது. ஜனாதிபதி வாயால வரட்டும், முதல் பக்கத்துக்கு அனுப்பறேன். வியாழக்கிழமை கேட்டுப் பாரேன்." சொன்ன மறுகணமே கையை ஆட்டினார். "இல்லை இல்லை. முதல் கேள்வி யுத்தநிறுத்தம். உலகமே அதுக்காகத்தான் காத்திருக்கு. மாட்டைப் பத்திக் கேட்டுட்டு வந்தே, எனக்கு வேலை போயிரும்."

அவர் சொன்னது நியாயம்தான். முதல் கேள்வி ஊருக்குப் பொதுவான கேள்வியாக இருக்க வேண்டும். அவள் இடத்தில் வேறு யார் இருந்தாலும் யுத்தநிறுத்தத்தைத்தான் கேட்டிருப்பார்கள். ஒருவருக்கு ஒரு கேள்விதான். அதைக் கேட்டுவிட்டால் அவளுக்கு மிச்சமிருப்பது நன்றி மட்டும்.

புதன்கிழமை, வழக்கமான சாப்பாட்டுக் கடையில் ஆர்வில் டெஷ் அவள் பக்கத்து முக்காலியில் வந்து உட்கார்ந்தான். ஓமஹாப் பத்திரிகை ஒன்றுக்கு வாஷிங்டனில் இருக்கிற ஒரே ஆள். எப்போதும் மக்காச்சோளம், மாடு, மழை. கூட்டத்தில் கை தூக்குவான். ஜனாதிபதியின் கண் அவன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். கடைசி வரிசையில், டெலிவிஷன் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் அவனுக்கு நாற்காலி. பார்வையில் படட்டும் என்று எலுமிச்சை மஞ்சளில் கோட்டு போட்டுக்கொண்டு வருவான்.

"ஆறு வருஷமா தூக்கற கை, தாயே," என்றான், அவள் தட்டிலிருந்து ஊறுகாய் வெள்ளரியை எடுத்துக் கடித்துக்கொண்டு. "என் தோள்பட்டை டாக்டர் அந்தக் காசுலயே பையனைக் காலேஜுல சேர்த்துட்டார்."

"கையைக் கீழ போடேன்."

"போட்டா அப்புறம் மேல வராது."

வெர்னா முட்டை சாண்ட்விச்சைக் கத்தியால் இரண்டாக வெட்டினாள். பிறகு அவனைப் பார்க்காமலே, திங்கட்கிழமை தெற்கு வாசலில் பிராத்தரைப் பார்த்ததையும் வெள்ளிக்கிழமை காகிதத்தையும் சொன்னாள். தம்பியைச் சொல்லவில்லை.

ஆர்வில் மெல்வதை நிறுத்தினான். "இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

"உங்க ஊர்ச் செய்தி."

"உங்க ஊரும்தான்."

"எனக்கு ஊர் கிடையாது. நான் செய்தி நிறுவனம்."

"என்னைக் கூப்பிடமாட்டாரே வெர்னா."

"தெரியும்" என்றாள்.

அன்று சாயங்காலம் பத்திரிகைச் செயலாளர் டெக்ஸ்டர் ஹோவ்லண்ட் அவள் மேசை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். மாளிகைக்குள் போவதற்கு முன்னால் அவரும் நிருபர்தான். வெர்னாவோடு சேர்ந்து மழையில் நின்றவர்.

"நாளைக்கு யார் யார் என்ன கேப்பாங்க?" என்றார்.

"உனக்குத் தெரியாததா, டெக்ஸ்? பாதிப் பேருக்கு நீயே எழுதிக் குடுத்திருப்பே."

"கால்வாசிதான்." சிரித்தார். "சரியா அரை மணியில முடிச்சுடு. ஒரு நிமிஷம் முன்னாலன்னாலும் யாரும் கோவிக்கப் போறதில்லை."

"கடிகாரம் என் கையில இருக்கு."

"இருக்கட்டும். கண்ணு கொஞ்சம் எம்மேலயும் இருக்கட்டும்." எழுந்துகொண்டவர் ஏதோ நினைவு வந்தவர் போல நின்றார். "ஜூன்ல ஆசியா போறோம். விமானத்துல உனக்கு முன்னால சீட்டு சொல்லி வச்சிருக்கேன். கால் நீட்டிக்கலாம். அந்தக் கணுக்கால் இன்னும் வலிக்குதா?"

ஒரு கூட்டம் முடிந்து தொலைபேசிக்கு ஓடும்போது படிக்கட்டில் புரண்ட கணுக்கால் அது. விழுந்தவள் விழுந்த இடத்திலேயே தொலைபேசியை இழுத்துச் செய்தியைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அழுதாள். அப்போது ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் ஹோவ்லண்ட்தான்.

"மழைக்கு வலிக்கும்" என்றாள்.

வியாழன் பிற்பகல் பெரிய கூடம் நிரம்பிவிட்டது. விளக்குகளின் சூட்டில் எல்லோருக்கும் நெற்றி மினுங்கிற்று. ஜனாதிபதி வந்தார். எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள். வெர்னா யுத்தநிறுத்தத்தைக் கேட்டாள். அவர் நீளமாகப் பதில் சொன்னார். அந்தப் பதில் அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. பிறகு வரி, பிறகு பள்ளிக்கூடங்கள், பிறகு மகளின் கல்யாணம். கல்யாணக் கேள்வியில் எல்லோரும் சிரித்தார்கள். வெர்னா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை. ஜனாதிபதியின் கண்கள் பின்வரிசையின் ஒரு மூலைக்குப் போகாமலே இரண்டு பக்கமும் அலைவதிலிருந்து, அந்த மூலையில் ஒரு கை நிற்கிறது என்று தெரிந்தது.

சுவரோரம் நின்றிருந்த ஹோவ்லண்ட் தாடையைத் தடவினார். முடித்துவிடு என்கிற சைகை; அரை மணிக்கு இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. வெர்னா குனிந்து குறிப்பெடுத்தாள்.

அரை மணி ஆயிற்று.

நிருபர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். சுற்றிலும் கைகள் இறங்கின. குறிப்பேடுகள் மூடப்பட்டன. ஓரத்து நாற்காலிக்காரர்கள் ஒரு காலை நடைபாதையில் வைத்து, ஓடத் தயாராகப் பிட்டத்தை லேசாகத் தூக்கிக்கொண்டார்கள். ஜனாதிபதி கடைசிப் பதிலை முடித்து, மேடையில் இருந்த தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி, அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

வெர்னா உட்கார்ந்திருந்தாள்.

புன்னகை அப்படியே நின்றது. கேமராவுக்குப் பின்னால் யாரோ இருமினார். பக்கத்தில் இருந்த போட்டி நிறுவனத்து ஆள் முழங்கையால் மெல்ல இடித்து, "வெர்னா, மணி," என்று முணுமுணுத்தார். அவள் காதில் விழுந்தது. மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்தாள். அப்பாவின் கைகளைப் போல் அகலமான கைகள். அவை எந்த வேலைக்கும் மரத்துப் போனதில்லை என்று நினைத்தாள். வேறொன்றும் நினைக்கவில்லை.

ஜனாதிபதியால் போக முடியாது. நேரடி ஒளிபரப்பு, நன்றி சொல்லாமல் இறங்கினால் ஓடிப்போன மாதிரி இருக்கும். சும்மா நிற்கவும் முடியாது. கேள்விக்காகக் கூடத்தைப் பார்த்தார். எல்லாக் கையும் இறங்கிவிட்டிருந்தது. ஒரே ஒரு கை, மஞ்சள் கோட்டுக்கையோடு, கம்பத்துக்குப் பின்னாலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது.

"சரி... ஆர்வில்" என்றார்.

ஆறு வருஷம் காத்திருந்தவன் கம்பத்தின் ஓரமாக எழுந்து நின்றான். இரண்டு தடவை செருமினான். பிறகு, திங்கட்கிழமை இறைச்சி ஆலை முதலாளிகள் சங்கத்தினரை ஜனாதிபதி சந்தித்தாரா, சங்கிலி வேக விதியைக் கைவிடுவதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்தாரா என்று கேட்டான்.

"இந்த வீட்டுக்கு யார்யாரோ வராங்க ஆர்வில். எனக்கும் மாட்டிறைச்சி பிடிக்கும், அதைக் குத்தம்னு சொல்லாதீங்க!"

நல்ல சிரிப்பு எழுந்தது. எந்தக் கூட்டமும் முடிய ஏற்ற சிரிப்பு. ஆர்வில் உட்கார்ந்துவிட்டான், மறுகேள்வி கேட்கிற வழக்கம் இல்லை. ஜனாதிபதி அந்தச் சிரிப்போடு வெர்னா பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

அவள் அப்போதும் எழுந்திருக்கவில்லை.

சிரிப்பு வடிந்தது. இரண்டாவது மௌனம் முதலாவதைப் போல இல்லை. முதலாவதை யாரும் மறதி என்று எடுத்துக்கொள்ளலாம். இப்போது நூறு நிருபர்களும் அவள் முதுகைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக ஜனாதிபதியைப் பார்த்தார்கள். மூடின குறிப்பேடுகள் திறக்கிற சத்தம் கேட்டது. பதில் இன்னும் வரவில்லை என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உறைத்துவிட்டது.

ஜனாதிபதி தண்ணீரைக் குடித்தார். "வந்தாங்க," என்றார். "அவங்க தரப்பைச் சொன்னாங்க. கேட்டுக்கிட்டேன். அது என் கடமை." நிறுத்தினார். யாரும் உதவிக்கு வரவில்லை. "தொழிலாளிகள் தரப்பையும் கேக்கணும், கேப்பேன். முடிவுன்னு ஒண்ணும் எடுக்கலை. வாக்கும் யாருக்கும் குடுக்கலை. இந்த வாரம் எதுவும் நடக்காது."

வெர்னா எழுந்தாள். "நன்றி, ஜனாதிபதி அவர்களே."

கூடமே கதவை நோக்கி ஓடியது. அவளும் ஓடினாள், ஒரு காலை லேசாக இழுத்தபடி. தொலைபேசியில் முதல் வரியாக யுத்தநிறுத்தத்தைச் சொன்னாள், அதுதான் பெரிய செய்தி. நான்காவது பத்தியில் இறைச்சி ஆலை வந்தது. யார் கேட்டது என்று ஆர்வில் பெயரைப் போட்டாள். அதற்கு முன்னும் பின்னும் இருந்த மௌனத்தைப் பற்றி எழுதவில்லை. அது செய்தி என்றால் மற்றவர்கள் எழுதட்டும். மற்றவர்கள் எழுதினார்கள்.

வெள்ளிக்கிழமை எந்தக் காகிதமும் கிழிபடவில்லை. அன்று மதியம் ஹோவ்லண்ட் அவளை நிருபர் அறைக்கு வெளியே, கோட்டு மாட்டுகிற இடத்துக்குக் கூப்பிட்டார். முகம் தூங்காத முகமாக இருந்தது.

"அவர் கோவமா இருக்கார்" என்றார். "பிராத்தர் ஆளுங்க அதைவிடக் கோவமா இருக்காங்க. காலையிலேர்ந்து போன் ஓயலை. நான் எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். வெர்னாவுக்கு வயசாச்சு, நேரத்தைக் கோட்டை விட்டுட்டான்னு. பியர்ஸ் கேட்டா நீயும் அதையே சொல்லு. ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

"ரெண்டு தடவையா கோட்டை விட்டேன்?"

"கண்ணசந்துட்டேன்னு சொல்லேன். யார் உன் கண்ணைப் பார்த்தா?"

"நாடே பார்த்துச்சு டெக்ஸ்."

"இந்தா பாரு." குரலைத் தாழ்த்தினார். "கண்ணசந்தேன்னா கிழவின்னு சொல்லுவாங்க. வேணும்னு பண்ணேன்னா ஒரு பக்கம் சாஞ்சுட்டான்னு சொல்லுவாங்க. கிழவிக்கு நாற்காலி உண்டு. சாஞ்சவளுக்கு உண்டா?"

வெர்னா தன் மழைக்கோட்டின் பெல்ட்டை முடிச்சுப் போட்டு அவிழ்த்தாள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஒரு சந்தேகம்" என்றாள். "ஒரு நிமிஷம் முன்னால முடிச்சிருந்தா, அது சாய்வு இல்லையா?"

ஹோவ்லண்ட் தாடையைத் தடவப் போன கையைப் பாதியில் இறக்கிக்கொண்டார்.

பியர்ஸ் கூப்பிட்டுக் கேட்டபோது, மணி தனக்குத் தெரிந்திருந்தது என்றாள். பதில் முடிந்ததாகத் தனக்குப் படவில்லை, பதில் முடியாமல் நன்றி சொல்வதற்கில்லை என்றாள். பியர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பி ஆலையில் இருப்பதையும் அவளே சொன்னாள், கேட்கிறவரை காத்திருக்கவில்லை. அதைக் கேட்டதும் அவர் துடைப்பதை நிறுத்திவிட்டார். "இதை நீ திங்கட்கிழமையே சொல்லியிருக்கணும்" என்றார். சொல்லியிருக்க வேண்டியதுதான்.

அடுத்த கூட்டத்தில் போட்டி நிறுவனத்து ஆள் நன்றி சொன்னார், சரியாக அரை மணிக்கு. ஆசியா விமானத்தில் வெர்னாவுக்கு இடமில்லை. கோடையில் அவளை விவசாயத் துறைக்கு மாற்றினார்கள். ஆர்வில் பூங்கொத்து வாங்கி வந்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் டைப்ரைட்டருக்குள் செருகிவிட்டுப் போனான். அவனை மாளிகைக் கூட்டத்தில் மறுபடி யாரும் கூப்பிடவில்லை. ஆனால் ஓமஹாவில் அவன் படத்தை முதல் பக்கத்தில் போட்டிருந்தார்கள், மஞ்சள் தெரியாத கருப்பு வெள்ளையில்.

விதி இலையுதிர்காலத்தில் வந்தது. தொழிற்சங்கம் கேட்டதில் பாதிகூட இல்லை. பிராத்தர் ஆட்கள் நடுவில் புகுந்து நிறைய செதுக்கியிருந்தார்கள். எமில் தொலைபேசியில், "ஒரு மாட்டுக்கும் அடுத்த மாட்டுக்கும் நடுவுல மூக்கைச் சொறிஞ்சுக்கலாம் இப்ப," என்றான். "முன்னால அதுக்கும் பக்கத்து ஆளைத்தான் கேக்கணும்."

"கை?"

"கை அப்படியேதான் இருக்கு. இன்னும் மோசமாகலை." பேச்சை மாற்றினான். "உன் நாற்காலியைப் பிடுங்கிட்டாங்களாமே, அக்கா. டெலிவிஷன்ல வேற ஆள் சொல்றான். நல்லாவே இல்லை. பல்லு வலி மாதிரி சொல்றான்."

"அவரு பாவம், கூச்ச சுபாவம்" என்றாள் வெர்னா.

விவசாயத் துறையில் விளக்குகள் இல்லை, மேடை இல்லை. வாரம் ஒருமுறை ஒரு நீண்ட மேசையைச் சுற்றி அதிகாரியும் ஏழெட்டு நிருபர்களும் உட்காருவார்கள். காப்பி காய்ந்த வாசனை அடிக்கும். முதல் நாள் வெர்னா கோதுமை விலையைப் பற்றி ஒன்று கேட்டாள். பதில் பாதியில் நின்றதால் இன்னொன்று கேட்டாள். பிறகு இன்னொன்று. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். யாரும் அவளைத் தடுக்கவில்லை. கேள்விகள் தீர்ந்தபோது ஒவ்வொருவராகக் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். முடிந்தது என்று சொல்ல அங்கே யாரும் தேவைப்படவில்லை. அவள் கடைசி ஆளாக எழுந்தாள்.